கேள்வி பதில்: மழையில் நின்ற வரிசை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: “செய்த புதிதில் செயலி பறந்தது அக்கா, இப்போது தவழ்கிறது.” ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலவாக்கலையில் அப்பாவின் மளிகைக் கடைக்குக் கடன் கணக்குச் செயலி செய்திருக்கிறேன். ஆண்ட்ராய்டு போனுக்கு, கோட்லின் மொழியில், ரூம் என்ற தரவுத்தளக் கருவியோடு. இரண்டு வருடத்தில் 30,000 பதிவுக்கு மேல் சேர்ந்துவிட்டது. ஒரு ஆளின் இந்த மாதத்துத் தீராத கடனை மட்டும் பார்க்க ஆறேழு செக்கன் எடுக்கிறது. சம்பள நாளன்று கடையில் கூட்டம் நிற்கும்போது அப்பா போனை வைத்துவிட்டுப் பழைய கொப்பியை எடுக்கிறார். புதுப் போன் வாங்கினால் சரியாகுமா?

வாங்காதீர்கள் தம்பி. அப்பா கொப்பியை எடுத்தது சரியான தீர்ப்பு. கொப்பியில் ஆளுக்கொரு பக்கம் இருக்கிறது, உங்கள் செயலியில் இல்லை.

நீங்கள் அனுப்பிய கோட் வரிகளைப் பார்த்தேன். முப்பதாயிரம் பதிவையும் தரவுத்தளத்திலிருந்து அள்ளி எடுக்கிறீர்கள். பிறகு கோட்லினில் ஃபில்டர் போட்டு ஆளைப் பிரிக்கிறீர்கள், இன்னொரு ஃபில்டரில் மாதத்தை, இன்னொன்றில் தீராததை. கடைசியில் திரைக்கு வருவது ஒன்பது பதிவு. ஒரு கைப்பிடி தேயிலைக் கொழுந்துக்காக மலை முழுவதையும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குத் தூக்கி வந்த கதை.

சிரிக்கவில்லை, நானும் இதையேதான் செய்தேன். கொத்மலைப் பக்கம் சிறு தோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கும் ஒருவருக்கு நான் செய்த முதல் செயலி அது. 180 பேர் கொழுந்து கொடுக்கிறார்கள், ஆளுக்கு மாதம் ஏறக்குறைய 20 தடவை. மாதத்துக்கு 3,600 பதிவு. நான் வீட்டிலிருந்து 25 பதிவை வைத்துச் சோதித்துவிட்டு, கண் சிமிட்டுவதற்குள் வருகிறதே என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். நாலாவது மாதம், ஜூன் மழை. லொறி பக்கத்தில் சாக்கோடு வரிசை நிற்கிறது. ஒவ்வொருவர் நிறையையும் போட்டபின் அவருடைய மாதக் கூட்டுத்தொகையைக் காட்ட வேண்டும். போன் யோசிக்கிறது. கொழுந்து நனைகிறது. நனைந்தால் தண்ணீருக்கென்று கழிவு வெட்டுவார்கள், அதாவது நான் எழுதிய கோட் வரிகளால் அந்த மனிதர்களின் கிலோ குறைகிறது. ஒரு அம்மா, “பிள்ளை, அந்தப் பெட்டி எழுந்திருக்கிறதுக்குள்ள நான் வீட்டுக்குப் போய்ச் சோறு வடிச்சிட்டு வந்திருவேன்” என்றார். அன்று இரவுதான் இன்டெக்ஸ் என்ற சொல்லை ஒழுங்காகப் படித்தேன்.

படித்ததும் நினைவுக்கு வந்தது என் அப்பா. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆபீஸ் கிளாக்கர், தொழிலாளர் பதிவுப் புத்தகமான செக்ரோல் அவர் பொறுப்பு. பெரிய புத்தகம் நம்பர் வரிசையில் இருக்கும். “நம்பர் என்ன?” என்பார், சொன்னதும் பக்கம் திரும்பிவிடும். நம்பர் மறந்து பெயரை மட்டும் சொல்லி வருபவர்கள்தான் தலைவலி. ஒவ்வொரு வரியாக விரலை ஓட்ட வேண்டும், அதிலும் எத்தனை லெட்சுமி, எத்தனை முத்தையா! ஆகவே அப்பா ஒரு சின்னக் கொப்பி வைத்திருந்தார். லயம் என்கிற வரிசை வீட்டு வாரியாக, அதற்குள் பெயர் வாரியாக. பெயருக்கு எதிரே செக்ரோல் நம்பர் மட்டும். சின்னக் கொப்பியில் பார், நம்பரை எடு, பெரிய புத்தகத்தில் அந்தப் பக்கத்துக்குப் போ. இன்டெக்ஸ் என்பது இந்தச் சின்னக் கொப்பியைத் தவிர வேறொன்றுமில்லை.

உங்கள் போனுக்குள் இருப்பது எஸ்கியூலைட் தரவுத்தளம். ரூம் என்பது 2017இல் கூகுள் அதன் மேல் போட்ட ஒரு சட்டை. எஸ்கியூலைட்டில் இன்டெக்ஸ் ஒரு மரம் போல, வரிசைப்படுத்தியபடியே இருக்கும். முப்பதாயிரம் பதிவில் ஒன்றைத் தேட முப்பதாயிரத்தையும் தொட வேண்டாம். பாதி பாதியாக ஒதுக்கிக்கொண்டே போனால் 15 ஒப்பீட்டில் இடம் கிடைத்துவிடும்.

சரி, உங்களுக்கு எந்த இன்டெக்ஸ்? ஆள் நம்பர், தீர்ந்ததா இல்லையா, திகதி. பதிவின் இந்த மூன்று கட்டங்களையும், அதாவது புலங்களையும், சேர்த்து ஒன்றே ஒன்று, இந்த வரிசையிலேயே. மூன்று தனி இன்டெக்ஸ் போட்டால் மூன்றையும் பயன்படுத்தும் என்று நினைக்காதீர்கள். இந்த மாதிரிக் கேள்விக்கு எஸ்கியூலைட் பொதுவாக ஒரு அட்டவணைக்கு ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும். ‘இதற்குச் சமம்’ என்று கேட்கும் புலங்கள் முன்னால் வர வேண்டும், ‘இதிலிருந்து இதுவரை’ என்று கேட்கும் புலம் கடைசியில். திகதியை முன்னால் வைத்தால் அந்த மாதம் கடைக்கு வந்த அத்தனை பேரையும் புரட்டித்தான் உங்கள் ஆளைப் பிடிக்கும். அப்பாவின் கொப்பி பெயர் வாரியாகவும் அதற்குள் லயத்து வாரியாகவும் இருந்திருந்தால், ‘பத்தாம் நம்பர் லயத்தில் யார் யார்?’ என்ற கேள்விக்கு அது உதவியிருக்காது. அதே சங்கதிதான்.

அடுத்தது திகதி. “5/6/2024” என்று எழுத்தாகவே சேமித்திருக்கிறீர்கள். எழுத்து வரிசையில் “10/6/2024” இதற்கு முன்னால் வந்து நிற்கும், ஏனென்றால் ஒன்று ஐந்துக்கு முந்தியது. வருடம் முன்னால், பிறகு மாதம், பிறகு நாள்: 2024-06-05. அல்லது எண்ணாகச் சேமியுங்கள். அப்புறம், ஜூன் மாதம் வேண்டுமென்றால் திகதியிலிருந்து மாதத்தை வெட்டி எடுக்கும் ஃபங்ஷனை ‘வேர்’ என்ற நிபந்தனை வரியில் போடாதீர்கள். புலத்தின் மேல் ஒரு ஃபங்ஷனைப் போர்த்தியவுடன் அந்தப் புலத்துக்கான இன்டெக்ஸ் குருடாகிவிடும், ஒவ்வொரு பதிவுக்கும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிவரும். ‘ஜூன் 1க்குச் சமம் அல்லது பின், ஜூலை 1க்கு முன்’ என்று கேளுங்கள். ஜூன் 30 வரை என்று கேட்டு, நேரத்தையும் சேர்த்துச் சேமித்திருந்தால் 30ஆம் திகதி பகல் வாங்கிய அரிசி கணக்கில் வராது. அப்பாவுக்கு நட்டம்.

கூட்டுத்தொகையையும் தரவுத்தளத்திடமே கேளுங்கள், கூட்டித் தரும் ‘சம்’ எதற்கு இருக்கிறது? ஒன்பது பதிவை எடுத்து வந்து கூட்டுவது பரவாயில்லை, ஆனால் ‘கடைக்கு வர வேண்டிய மொத்தம்’ என்று உங்கள் முகப்புத் திரையில் ஒரு எண் நிற்கிறதே, அதற்காக எல்லாவற்றையும் இறக்குவது அநியாயம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. திரையை இயக்கும் பிரதான திரெட்டில் தரவுத்தளத்தைத் தொட ரூம் தானாகவே விடாது, பிழை காட்டும். அந்தத் தடையை நீக்கும் வரியை எங்கிருந்தோ கொப்பியடித்துப் போட்டிருக்கிறீர்கள். அதை அழியுங்கள். திரை உறைந்து நிற்பதற்கு அதுவே பாதிக் காரணம்.

நான் சொன்னதை நம்பவும் வேண்டாம். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் ஓடுகிற செயலியின் தரவுத்தளத்தைத் திறந்து பார்க்கும் இன்ஸ்பெக்டர் இருக்கிறது (4.1 பதிப்பிலிருந்து, போன் ஆண்ட்ராய்டு 8 அல்லது மேல் இருக்க வேண்டும்). உங்கள் கேள்விக்கு முன்னால் ‘எக்ஸ்பிளெய்ன் குவெரி பிளான்’ என்று சேர்த்து ஓட்டுங்கள். பதிலில் ‘ஸ்கேன்’ என்று வந்தால் விரலை ஓட்டுகிறது, ‘சேர்ச்’ என்று வந்து இன்டெக்ஸின் பெயரும் வந்தால் சின்னக் கொப்பியைத் திறந்திருக்கிறது.

இராகலையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் பேச்சைக் கேட்டு எல்லாப் புலத்துக்கும் இன்டெக்ஸ் போட்டேன். தேடல் வேகம். ஆனால் மாலையில் வைஃபை கிடைத்ததும் 5,000 பதிவை இறக்கும்போது தேநீர் குடித்து முடித்தாலும் முடியவில்லை. ஃப்ளட்டரில் செய்த செயலி, தரவுத்தளத்துக்கு எஸ்கியூஃப்ளைட்.

எல்லாப் புலத்துக்கும் போடச் சொன்னதாக எனக்கு நினைவில்லை!

ஒரு குடும்பம் லயம் மாறினால் அப்பா இரண்டு இடத்தில் திருத்த வேண்டும். சின்னக் கொப்பி ஒன்று என்பதால் சமாளித்தார். உங்களிடம் பதினொரு புலத்துக்குப் பதினொரு கொப்பி. ஒவ்வொரு புதுப் பதிவுக்கும் பதினொன்றிலும் எழுதுகிறது போன். உங்கள் திரைகளில் உண்மையில் என்னென்ன கேட்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான்கு கேள்விக்கு மேல் தேறாது என்று பந்தயம் கட்டுகிறேன். அந்த நான்குக்கு மட்டும் வையுங்கள். ஆண், பெண் என்ற இரண்டே மதிப்புள்ள புலத்துக்குத் தனி இன்டெக்ஸ் எதற்கு? பாதிப் புத்தகத்தைக் காட்டும் கொப்பியால் என்ன லாபம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ‘இன்னும் சேர்வருக்கு அனுப்பாதவை’ என்று தேடுகிறீர்கள். உங்கள் 40,000 பதிவில் அது ஒரு முப்பது இருக்கும். அனுப்பாதவற்றை மட்டும் உள்ளடக்கிய அரைகுறை இன்டெக்ஸ் ஒன்றை எஸ்கியூலைட்டில் போடலாம், இன்டெக்ஸ் வரியின் கடைசியில் ஒரு ‘வேர்’ சேர்த்தால் போதும். மிகச் சின்னதாக இருக்கும், அனுப்பியதும் அதிலிருந்து பதிவு போய்விடும்.

ஆனால் தேநீர் ஆறிய உண்மையான காரணம் இன்டெக்ஸ் இல்லை என்று நினைக்கிறேன். 5,000 பதிவையும் ஒவ்வொன்றாகச் சேர்க்கிறீர்கள். ஒவ்வொன்றும் தனித்தனி டிரான்சாக்‌ஷன், ஒவ்வொரு முறையும் ‘எழுதியது நிச்சயமாக உள்ளே போய்விட்டதா’ என்று சேமிப்பகத்திடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் அடுத்ததற்கு வரும். கொழுந்தை ஒவ்வொரு இலையாக மடுவத்துக்குக் கொண்டுபோய் நிறுப்பீர்களா? கூடை நிறையட்டும். முழுவதையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் போடுங்கள், எஸ்கியூஃப்ளைட்டில் ‘பேட்ச்’ என்று அதற்கே இருக்கிறது. நடுவில் மின்சாரம் போனாலும் ஒன்று எல்லாம் இருக்கும் அல்லது ஒன்றும் இருக்காது. பாதிக் கணக்கு மட்டும் தங்காது.

என் செயலியில் தமிழ்ப் பெயரைத் தேடினால் சில பேர் வருவதேயில்லை. கண்ணுக்கு முன்னால் “பொன்னம்மா” என்று இருக்கிறது, “பொன்னம்மா” என்று தட்டினால் ‘இல்லை’ என்கிறது. பைத்தியம் பிடிக்கிறது. (பண்டாரவளை வாசகி)

உங்களுக்கு ஒன்றுமில்லை தங்கச்சி, எழுத்துக்குத்தான். இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தைத் தொடங்கியிருக்கலாம் போல இருக்கிறது.

‘பொ’வில் வரும் கொம்பும் காலும் யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம். ஒற்றைக் குறியீடாக ஒரு விதம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுதான். தரவுத்தளத்துக்கு இரண்டும் வெவ்வேறு. ஒரு விசைப்பலகை முதல் விதத்தில் தரும், வேறொன்றிலிருந்து வந்த தரவு இரண்டாம் விதத்தில் இருக்கும். சேமிக்கும்போதும் தேடும்போதும் யூனிகோட் ஒருமைப்படுத்தல் செய்யுங்கள், ஜாவாவில் ‘நோர்மலைசர்’ இருக்கிறது, ‘என்எஃப்சி’ என்ற வடிவம் போதும்.

அதோடு முடிந்ததா? இல்லை. ‘கௌரி’ என்ற பெயரில் ஔகாரக் குறியைப் போடாமல், ஒற்றைக் கொம்பு போட்டு, ககரம் போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தட்டிவிடுகிற பழக்கம் நம் ஊரில் பரவலாக உண்டு. பார்த்தால் வித்தியாசமே தெரியாது. இதை நோர்மலைசர் திருத்தாது, அதற்கு அது வேறு எழுத்து. நீங்களே பிடித்து மாற்ற வேண்டும். ‘வெள்ளையம்மா’, ‘பெளர்ணமி’ இரண்டையும் ஒரே விதியால் அடித்தால் வெள்ளையம்மா வௌ்ளையம்மா ஆகிவிடுவார், கவனம். நான் விதி எழுதாமல், தெரிந்த பெயர்களுக்கு ஒரு சின்னப் பட்டியல் வைத்திருக்கிறேன்.

எழுத்துக்கூட்டலோ தனிக் கதை. ராமாயி, இராமாயி. லட்சுமி, லெட்சுமி, இலட்சுமி. அடையாள அட்டையில் ஒன்று, சேமலாப நிதிப் புத்தகத்தில் ஒன்று, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று. மலையகத்தில் இதனால் ஆபீஸ் ஆபீஸாக அலைந்த தாய்மார்களை எண்ண முடியாது. ஆகவே பெயரைத் திருத்தாதீர்கள். அட்டையில் உள்ளபடியே ஒரு புலத்தில் இருக்கட்டும். பக்கத்தில் ‘தேடற்பெயர்’ என்று இன்னொரு புலம் வையுங்கள். அதில் ஒருமைப்படுத்திய வடிவம்: தலைப்பெழுத்தும் இடைவெளியும் நீக்கி, முன்னால் நிற்கும் இகரத்தை ரகர லகரத்துக்கு முன் மட்டும் வெட்டி, லெட்சுமியை லட்சுமியாக்கி. இன்டெக்ஸ் இந்தப் புலத்துக்குத்தான். தேடும் சொல்லையும் இதே சல்லடையில் சலித்துவிட்டுத் தேடுங்கள்.

தேடும் முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘லைக்’ என்ற தேடற்கட்டளையைப் போட்டு, சொல்லுக்கு முன்னும் பின்னும் ‘எதுவும் வரலாம்’ என்று விழுக்காட்டுக் குறி வைத்திருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறோம். முன்னால் குறி இருந்தால் எந்த இன்டெக்ஸும் உதவாது. முன்குறியை எடுத்துவிட்டாலும் சாதாரண இன்டெக்ஸை ‘லைக்’ தொடாது. அது ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகப் பார்க்கிறது, இன்டெக்ஸ் அப்படிப் பார்ப்பதில்லை. நமக்கு ஏது பெரிய எழுத்து, சின்ன எழுத்து? ‘குளொப்’ பயன்படுத்துங்கள், கடைசியில் நட்சத்திரக் குறி. அதற்குச் சாதாரண இன்டெக்ஸ் போதும்.

ஆங்கில எழுத்தால் ஒலிப்பு முறையில் தட்டுபவர்களுக்கு ஒரு வேலை. ‘முத்து’ என்று தட்டும் நடுவில் ஒரு கணம் ‘முத்த்’ என்று நிற்கும். கடைசிப் புள்ளியோடு தேடினால் பட்டியல் ஒரு கணம் வெறுமையாகிப் பிறகு நிரம்பும், பாட்டிமார் பயந்துவிடுவார்கள். சொல்லின் கடைசியில் புள்ளி இருந்தால் அதை வெட்டிவிட்டுத் தேடுங்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் தேடாமல், கை நின்று 300 மில்லி செக்கன் ஆனபின் தேடுவதும் நல்லது.

பழைய எக்செல் கோப்பிலிருந்து பெயர்களை ஏற்றினீர்களா? அப்படியானால் அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதா என்று பாருங்கள். பாமினியில் திரைக்கு ‘அம்மா’ என்று தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் கிடக்கும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

வரிசைப்படுத்துவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். எஸ்கியூலைட் சும்மா விட்டால் யூனிகோட் எண் வரிசையில் அடுக்கும். அதில் னகரம் நகரத்துக்கு அடுத்து நிற்கிறது, றகரம் ரகரத்துக்கு அடுத்து. பள்ளியில் படித்த நெடுங்கணக்கு அதுவல்ல. போனின் மொழிக்கேற்ப அடுக்கும் ‘லோக்கலைஸ்ட்’ என்ற முறை ஆண்ட்ராய்டில் இருக்கிறது. நான் செக்ரோல் நம்பரிலேயே அடுக்கிவிடுகிறேன், சனங்களுக்கு அது பழகியது.

எங்கள் மரண உதவிச் சங்கச் செயலியில் உறுப்பினர் பட்டியலைக் கீழே இழுத்தால் திடீரென்று மூடிக்கொள்கிறது. அடையாள அட்டைப் படத்தையும் அதே அட்டவணையில் வைத்திருக்கிறோம். (பொகவந்தலாவை)

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஆண்ட்ராய்டில் தரவுத்தளப் பதிவுகள் ஒரு ஜன்னல் வழியாகத்தான் செயலிக்கு வரும். அதன் அளவு வழக்கமாக 2 மெகாபைட். பெரிய படமுள்ள ஒரு பதிவு அதற்குள் நுழையாவிட்டால் செயலி விழும். படத்தைக் கோப்பாகச் சேமித்து, அது இருக்கும் பாதையை மட்டும் அட்டவணையில் எழுதுங்கள். பட்டியல் திரைக்குப் பெயரும் நம்பரும் போதும் என்றால் அந்த இரண்டை மட்டும் கேளுங்கள், நட்சத்திரம் போட்டு எல்லாவற்றையும் அள்ளாதீர்கள்.

பக்கம் பக்கமாக இறக்குவதானால் ‘ஆஃப்செட் 2000’ என்று கேட்க வேண்டாம். அந்த 2,000ஐயும் எண்ணிக் கடந்துதான் வரும். ‘நான் கடைசியாகப் பார்த்த நம்பருக்கு மேல் 50’ என்று கேளுங்கள்.

எல்லாத் தரவையும் ஒரே ஜேசன் உரையாக, செயலியின் அமைப்புகளை வைக்கும் ஷெயார்ட் பிரெஃபரன்ஸில் வைத்திருக்கிறேன். தவறா? (ஹப்புத்தளை)

மொழி, நிறம், எழுத்தின் அளவு என்றால் தவறில்லை. 2,000 பதிவு என்றால் தவறு. ஒரு எழுத்தை மாற்றினாலும் கோப்பு முழுவதும் திரும்ப எழுதப்படும்.

சிக்னல் இருந்தால் எல்லாவற்றையும் சேர்வரிலேயே தேடிக்கொள்ளலாமே, போனுக்குள் ஏன் இந்தப் பாடு? (கொழும்பிலிருந்து ஒரு வாசகர்)

ஐயா, ஒரு தடவை மஸ்கெலியாப் பக்கம் பள்ளத்து லயத்துக்கு வாங்க.

எஸ்கியூலைட் பிறந்ததே சேர்வர் தொல்லையால்தான். ரிச்சர்ட் ஹிப் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை செய்தபோது, தரவுத்தளச் சேர்வர் விழுந்தால் செயலியும் சேர்ந்து விழுந்தது. சேர்வரே வேண்டாம், வட்டில் இருக்கும் ஒரு கோப்பையே நேரே படித்தால் என்ன என்று யோசித்தார். 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. அது கடலுக்கென்று யோசித்தது, எங்கள் மலைக்கும் சரியாகப் பொருந்திவிட்டது.

என் மகள் கையால் எழுதுவிக்கிறேன். நான் கொழுந்து எடுக்கிறேன். மகள் உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். கம்ப்யூட்டர் இல்லை. இரவெல்லாம் போனில் “டேட்டாபேஸ் படிக்கிறேன்” என்கிறாள். போனில் அப்படிப் படிக்க முடியுமா, இல்லை என்னை ஏமாற்றுகிறாளா? (லிந்துலை)

முடியும் அம்மா. டெர்மக்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது, காசு இல்லை. அதற்குள் எஸ்கியூலைட்டை நிறுவிக்கொண்டால் கேள்வி எழுதிப் பழக அதுவே போதும். இந்தக் கடிதத்தை அவளே எழுதியிருப்பதால் ஏமாற்றவில்லை என்றுதான் தோன்றுகிறது.

இருந்தாலும் சோதித்துப் பாருங்கள். போன மாதம் நாளுக்கு நாள் எத்தனை கிலோ எடுத்தீர்கள் என்று வீட்டில் குறித்திருப்பீர்கள் அல்லவா, அதை அவளிடம் கொடுத்து போனில் ஏற்றச் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: எந்தெந்த நாளில் தோட்டம் கேட்ட நிறைக்கு மேல் எடுத்திருக்கிறேன், மேலதிகக் கிலோ மொத்தம் எத்தனை? விரலால் திரையை இழுத்து இழுத்து எண்ணினால் இன்னும் பழக வேண்டும். ஒரு வரி எழுதிப் பதிலைச் சொன்னால் படிக்கிறாள்.

அவள் சொன்ன மொத்தம் சம்பளத் துண்டில் உள்ளதோடு பொருந்தவில்லையா? மகளை உடனே திட்டாதீர்கள். துண்டை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு ஒரு நடை போய் வாருங்கள்.